கேன்வாஸில் வரைந்த நீர்மட்டமும் மாமாவின் காதுக்கு எட்டாத எழுத்தும்

கம்பம் பள்ளத்தாக்கில் மே மாதக் கடைசியில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரிப்பதற்கு முன்பே ‘பெரியாறு எத்தனை அடி’ என்ற கேள்வி வந்துவிடும். இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்கு எப்போது நாற்றங்கால் போடுவது என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. அந்த முல்லைப் பெரியாறு அணையோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேக்கடிக் காட்டுக்குள் இருக்கிறது. தண்ணீர் மட்டும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக எங்கள் பக்கம் இறங்குகிறது. நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எங்களில் பலருக்குக் கிடையாது என்பதால், அன்றாட நீர்மட்டத்தை ஒரு தொட்டிப் படமாகக் காட்டும் சிறிய வலைப்பக்கம் ஒன்றைச் சென்ற கோடையில் செய்தேன். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் படம் வரைவதற்கென்று உள்ள கேன்வாஸ் உறுப்பில் நீல நிறத்தால் தண்ணீரை நிரப்பி, அதன் மேல் நான்கு கோடுகளை இழுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரை எழுதினேன்: நம் பக்கம் நீர் எடுக்க இயலும் கீழ் எல்லையான 104 அடி, 1979இல் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் குறைக்கப்பட்ட 136 அடி, 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி, அணையின் முழு நீர்மட்டமான 152 அடி.

பக்கத்தை வெளியிட்ட மூன்றாம் நாள் என் பெரிய மாமா குமுளியிலிருந்து அழைத்தார். அவருக்கு நிலம் கூடலூரில், வீடு குமுளியில். கண்நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன, ஆனால் கைப்பேசியை திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானின் துணையோடு என்னைவிட வேகமாகக் கையாளுவார். “என்ன மாப்ள, உன் பக்கத்தைத் திறந்தா தலைப்பைச் சொல்லுது, அடுத்து நேரா ‘பகிர்’ பட்டனுக்குப் போயிருது. நடுவுல அணையைக் காணோமே” என்றார். கண்ணை மூடிக்கொண்டு என் கைப்பேசியிலும் டாக்பேக்கை இயக்கிப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

காரணம் எளியது, வெட்கப்படும் அளவுக்கு எளியது. ஃபில்டெக்ஸ்ட் என்ற கட்டளைக்கு நாம் ஒரு சொற்றொடரைக் கொடுக்கும்போது, உலாவி அதை எழுத்துருவைக் கொண்டு வடிவமாக்கி, புள்ளிகளாகக் கேன்வாஸில் பூசிவிட்டு, அது எழுத்தாக இருந்தது என்பதையே மறந்துவிடுகிறது. சுவரில் பெயின்ட் அடித்த எழுத்துக்கும் சுவரின் வண்ணத்துக்கும் பூச்சு என்ற அளவில் வேறுபாடு இல்லாததுபோல, ‘142 அடி’ என்ற சொல்லுக்கும் அதன் பின்னாலுள்ள நீலத்துக்கும் கேன்வாஸில் வேறுபாடு இல்லை. அந்த எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, தேட முடியாது, மொழிபெயர்ப்புக் கருவியால் படிக்க முடியாது, திரைவாசிப்பானால் சொல்லவும் முடியாது.

‘அப்படியானால் எஸ்விஜி பயன்படுத்தியிருக்கலாமே’ என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். எஸ்விஜி என்பது வலைப்பக்கத்தில் படம் வரைய உள்ள இன்னொரு வடிவம்; அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். தகுந்த வேறு உறுப்பு இருக்கும்போது கேன்வாஸைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்டிஎம்எல் தரநிலையே அறிவுறுத்துகிறது. நான் கேன்வாஸில் நின்றதற்கு ஒரே காரணம் வாட்ஸ்அப். எங்கள் ஊரில் வலைப்பக்க முகவரியை அழுத்திப் பார்ப்பவர்களைவிடப் படத்தைப் பார்ப்பவர்கள் மிகுதி. கேன்வாஸைப் படக்கோப்பாக்குவது ஒரு வரி வேலை, வெளியிலிருந்து வரும் எழுத்துருவோடு எஸ்விஜியைப் படக்கோப்பாக்குவதோ தலைவலி. ஆகவே கேன்வாஸை வைத்துக்கொண்டே பிழையைத் திருத்துவது என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சியில் கேன்வாஸின் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவில் ஓர் அட்டவணையை வைத்தேன். அந்த இடத்தில் வைக்கும் உள்ளடக்கம் திரையில் தெரியாது, ஆனால் திரைவாசிப்பானுக்குக் கிடைக்கும். ஏழு நாள் நீர்மட்டமும் அழகாகக் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். இது ஒரு படம் என்பதையும் சொல்லிவிடுவோம் என்று உறுப்பின் வகையைச் சொல்லும் ரோல் பண்பில் படம் என்று குறித்து, திரைவாசிப்பான் போன்ற கருவிகளுக்கான ஏரியா (ARIA) தரநிலையில் உறுப்புக்குப் பெயர் கொடுக்கும் ஏரியா-லேபிளில் ‘பெரியாறு அணை நீர்மட்டப் படம்’ என்று எழுதினேன். அடுத்த நிமிடமே அட்டவணை ஊமையாகிவிட்டது. படம் என்ற ரோலைப் பெற்ற உறுப்பின் உள்ளே இருப்பவை அனைத்தும் வெறும் தோற்றத்துக்கானவை என்பது ஏரியா விதி. அதன்படி உலாவி உள்ளே இருந்த அட்டவணையை மறைத்துவிட்டு, பெயரை மட்டும் சொன்னது. நல்லெண்ணத்தில் சேர்த்த ஒரு பண்பு, வேலை செய்துகொண்டிருந்ததைக் கெடுத்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது ஆயிற்று.

பிறகு அட்டவணையைக் கேன்வாஸுக்கு வெளியே, படத்துக்குக் கீழே, எல்லோரும் திறந்து பார்க்கும்படி ‘கடந்த ஏழு நாள்’ என்ற விரிப்பானுக்குள் வைத்தேன். கண் தெரிபவர்களிலும் பலருக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. கேன்வாஸின் ரோல் படமாகவே இருக்கிறது. ஏரியா-லேபிளில் மட்டும் இப்போது வேறு சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த வேலையில் நான் அதிகம் யோசித்த பகுதி.

‘பெரியாறு அணை நீர்மட்டப் படம்’ என்று சொல்வதால் மாமாவுக்கு ஒரு பயனும் இல்லை. ‘நீலநிறத் தொட்டியும் நான்கு கோடுகளும் கொண்ட படம்’ என்பது அதைவிட மோசம். ஆகவே அவரிடமே, தொலைபேசியில் யாரிடமாவது விசாரித்தால் எந்த வரிசையில் கேட்பீர்கள் என்று கேட்டேன். “எத்தனை அடி, ஏறுதா இறங்குதா, 142க்கு எவ்வளவு பாக்கி, அவ்வளவுதான்” என்றார். அதையே வாக்கியமாக்கினேன். ஒரு நாளின் எடுத்துக்காட்டு இது: ‘பெரியாறு அணை நீர்மட்டம் 127.4 அடி. நேற்றைவிட 0.3 அடி உயர்ந்துள்ளது. அனுமதிக்கப்பட்ட 142 அடிக்கு இன்னும் 14.6 அடி உள்ளது.’ படத்தில் இடம் போதாமல் ‘மி.க.அடி’ என்று சுருக்கியிருந்த கொள்ளளவை வாக்கியத்தில் ‘மில்லியன் கன அடி’ என்று விரித்தேன். சுருக்கத்தைத் திரைவாசிப்பான் ‘மி, க, அடி’ என்று எழுத்துக்கூட்டியது. 127.40 என்பதன் கடைசிப் பூஜ்யத்தையும் நீக்கினேன், ஏனெனில் ‘புள்ளி நான்கு பூஜ்யம்’ என்று கேட்பவர் ஒரு கணம் குழம்புகிறார்.

ஒரு குறை இருந்தது. படத்தில் எழுதும் சொற்கள் ஒரு செயல்கூறிலும், ஏரியா-லேபிளின் சொற்கள் வேறொரு செயல்கூறிலும் உருவாயின. ஒரு நாள் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்ததால் படம் உயர்வு என்றது, குரல் இறக்கம் என்றது. அதன் பிறகு முதலில் வாக்கியத்தை உருவாக்கி, அதைப் பக்கத்தில் சாதாரணப் பத்தியாக வைத்து, அதே தரவுப் பொருளிலிருந்து படத்தின் எழுத்துகளையும் எடுக்குமாறு நிரலைத் திருப்பி எழுதினேன். படத்துக்கு வாக்கியம் துணை என்ற நிலை மாறி, வாக்கியத்துக்குப் படம் துணையாயிற்று. பக்கத்தின் மொழி தமிழ் என்று லேங் பண்பில் குறிப்பதும் இதில் அடங்கும். அது இல்லாதபோது என் கணினியிலிருந்த என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தோற்றது.

அந்தப் பத்தியில் மாற்றம் வந்தால் தானாகச் சொல்லும்படி ஏரியா-லைவ் பண்பையும் வைத்தேன். கைப்பேசியைத் திருப்பிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கேன்வாஸை மறுபடி வரையும் செயல்கூறு பத்தியையும் மறுபடி எழுதியதால், மாமா படுக்கையில் புரளும்போதெல்லாம் அணை நீர்மட்டம் அறிவிக்கப்பட்டது. எண் மாறினால் மட்டும் பத்தியைத் தொடும்படி ஒரு நிபந்தனை சேர்த்ததும் அது அடங்கியது.

இனி, கண்ணால் பார்ப்பவர்களுக்கான எழுத்து. அணுகல்தன்மை என்றால் திரைவாசிப்பான் மட்டும்தான் என்று எண்ணியிருந்த எனக்கு, கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர் இன்னொரு பாடம் வைத்திருந்தார். அவர் தம் கணினியின் உலாவி அமைப்பில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருக்கிறார். பக்கத்தின் எழுத்தெல்லாம் பெரிதாயிற்று. கேன்வாஸுக்குள் இருந்த எழுத்து மட்டும் நான் எழுதிய 14 பிக்சலிலேயே நின்றது. இப்போது பக்கத்தின் வேர் உறுப்புக்கு உலாவி கணக்கிட்ட எழுத்தளவைக் கேட்டு வாங்கி, அதன் மடங்காகவே கேன்வாஸின் எழுத்தளவை அமைக்கிறேன். திரையின் புள்ளி அடர்த்திக்கு ஏற்பக் கேன்வாஸின் அகல உயரங்களைப் பெருக்கிக்கொள்வதும் தேவை, இல்லையெனில் எழுத்து மங்கலாக வரும். அகலத்தை மாற்றியதும் கேன்வாஸின் எழுத்துரு அமைப்பு உட்பட எல்லாம் அழிந்து, 10 பிக்சல் என்ற பிறவி நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை மறந்தவர்கள் என்னைப்போல் எறும்பு எழுத்தைக் காண்பார்கள்.

எழுத்துருவில்தான் மிகவும் திணறினேன். முதன்முறை பக்கத்தைத் திறப்பவருக்குப் படத்தில் கைப்பேசியின் சொந்த எழுத்துருவும், இரண்டாம் முறை திறக்கும்போது நான் தேர்ந்தெடுத்த நோட்டோ சான்ஸ் தமிழும் வந்தன. கேன்வாஸ் காத்திருக்காது; வரையும் கணத்தில் எழுத்துரு இறங்கியிருக்கவில்லை என்றால் கையில் இருப்பதைக் கொண்டு எழுதிவிடும். எழுத்துரு இறங்கும்வரை காத்திருக்க உலாவியில் ஒரு கட்டளை உண்டு என்பதால் அதைச் சேர்த்தேன், பயனில்லை. என் எழுத்துரு தமிழுக்கு ஒரு கோப்பு, லத்தீனுக்கு ஒரு கோப்பு என்று யூனிகோடு வரம்பால் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டளைக்கு ‘எந்த எழுத்துகளுக்காக’ என்று இரண்டாவதாக ஒரு மதிப்புக் கொடுக்காவிட்டால், அது ஒரே ஓர் இடைவெளியை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது; இடைவெளி லத்தீன் கோப்பில் இருந்தது; ஆகவே லத்தீன் கோப்பு வந்து சேர்ந்ததும் ‘எழுத்துரு தயார்’ என்று சொல்லிவிட்டது. இரண்டாவது மதிப்பாக ‘அணை’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்தேன். அன்றோடு அந்தப் பிழை போயிற்று. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்கள் இந்தப் பள்ளத்தில் விழ வாய்ப்பே இல்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வரி மடிப்பதும் அப்படித்தான். ஃபில்டெக்ஸ்ட் வரியை மடிக்காது. நாமே மெஷர்டெக்ஸ்ட் கொண்டு அகலத்தை அளந்து மடிக்க வேண்டும். சொல் இடைவெளியில் மடித்தவரை சிக்கல் இல்லை, ஆனால் குறுகிய திரையில் ஒரு நீண்ட சொல்லே இடத்துக்குள் அடங்காதபோது அதை உடைக்க நேர்ந்தது. ‘அணைக்கட்டு’ என்பது நமக்கு ஆறு எழுத்து. நான் நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் கணக்கில் அதன் நீளம் 10, ஏனெனில் ஐகாரக் குறி, உகரக் குறி, இரண்டு புள்ளிகள் ஆகிய நான்கும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. மூன்றாவது அலகுக்கு முன்னால் வெட்டியபோது முதல் வரியில் ‘அண’ என்றும் அடுத்த வரியின் தலையில் புள்ளிவட்டத்தோடு ஓர் அநாதை ஐகாரக் குறியும் வந்து நின்றன. இன்டில் செக்மென்டர் என்ற வசதி எழுத்துகளை நம் எண்ணிக்கைப்படியே பிரித்துக் கொடுக்கிறது. அதன் பிறகு ‘அ, ணை, க், க, ட், டு’ என்று சரியாக வந்தது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை அது இரண்டாகப் பிரிக்கும் என்பதால் அவற்றுக்கு ஒரு விதிவிலக்கு எழுத வேண்டியிருந்தது. அணைப் படத்தில் ஸ்ரீ எங்கே வரப்போகிறது என்று கேட்கலாம். இந்தப் பக்கத்தில் பின்னர் சேர்த்த வைகை அணைக்கு அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

நிறத்துக்கு வருவோம். நான் தேர்ந்தெடுத்த நடுத்தர நீலத்தில் வெள்ளை எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 3.1தான் இருந்தது. வலைப்பக்க அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்று குறைந்த அளவை வைத்திருக்கிறது. வெயிலில் வரப்பில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கு அந்தக் குறைந்த அளவே போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. நீலத்தைக் கருநீலமாக்கியதும் விகிதம் 8.6 ஆயிற்று. வெள்ளைப் பின்னணியில் கோடுகளின் பெயர்களுக்கு வைத்திருந்த 777777 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.48 பெற்று மயிரிழையில் தோற்றது. 767676 வைத்தால் 4.54 என்று தேறும். ஆனால் மயிரிழையில் தேறுவதில் எனக்கு ஆர்வமில்லை, கருப்பையே வைத்தேன். 142க்கு மேலுள்ள பகுதியைச் சிவப்பால் மட்டும் காட்டியிருந்ததையும் மாற்றி, அங்கே ‘அனுமதி எல்லைக்கு மேல்’ என்று சொல்லாலும் எழுதினேன்.

நிறத்தில் தீராத ஒரு சிக்கல், தண்ணீர் ஏறும்போது பெயரின் பாதி கருநீலத்திலும் பாதி வெள்ளையிலும் நிற்பது. எழுத்துக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி வைத்துப் பார்த்தேன். பெட்டியின் உயரத்தை எழுத்தளவிலிருந்து கணக்கிட்டதால், ‘முழு’ என்ற சொல்லில் ‘ழு’வின் வால் பெட்டிக்கு வெளியே போய்க் கருநீலத்தில் மறைந்தது. மெஷர்டெக்ஸ்ட் அகலத்தோடு எழுத்தின் உண்மையான ஏற்றத்தையும் இறக்கத்தையும் தருகிறது. அவற்றைக் கொண்டு அளந்தால் பெட்டி சரியாக அமையும். இருந்தாலும் பெட்டிகள் படத்தை ஒட்டுப்போட்ட சட்டைபோல் ஆக்கியதால், கடைசியில் ஸ்ட்ரோக்டெக்ஸ்ட் கொண்டு முதலில் வெள்ளையில் தடித்த வெளிக்கோடு, அதன் மேல் ஃபில்டெக்ஸ்ட்டால் கருப்பு எழுத்து என்ற முறைக்கு வந்தேன். கோட்டு இணைப்பை வட்டமாக மாற்றாவிட்டால் எழுத்தின் கூர்முனைகளில் முள் முளைக்கும்.

வைகை அணைப் படத்தில் வேறொரு இடையூறு காத்திருந்தது. அங்கே வெள்ள எச்சரிக்கை 66 அடியிலும், 68.5 அடியிலும், 69 அடியிலும் தரப்படுகிறது. முழு மட்டம் 71 அடி. ஓர் அடிக்கு நான்கு பிக்சல் என்று வரைந்தால் இரண்டாம் எச்சரிக்கைக்கும் மூன்றாவதற்கும் நடுவே இரண்டு பிக்சல்தான். நான்கு பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு கருங்கறையாயின. பெயர்களைத் தள்ளி எழுதி வழிகாட்டும் கோடு இழுக்கும் முறையை எழுதிப் பார்த்துவிட்டு, கைப்பேசித் திரையில் அது சிலந்திவலைபோல் தெரிந்ததால் கைவிட்டேன். மூன்று கோடுகளையும் வைத்து, பெயரை மட்டும் ‘எச்சரிக்கை 66, 68.5, 69’ என்று ஒன்றாக்கினேன். பெரியாறு படத்தில் தொட்டியின் அடி பூஜ்யத்தில் இல்லாமல் 104இல் தொடங்குகிறது என்பதையும் அடிவரியில் எழுத வேண்டியிருந்தது; அது இல்லாமல் 110 அடி நீரைப் பார்த்த ஒருவர் அணையே வறண்டுவிட்டதாகப் பயந்துவிட்டார்.

குமுளிக்கு இன்னொரு தேவை உண்டு. அங்கும் வண்டன்மேட்டிலும் ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். அவர்களுக்காக இடப்பெயர்களை மலையாள எழுத்திலும் சேர்த்தேன். தமிழ் எழுத்துருவில் மலையாளம் இல்லாததால் அதற்குத் தனி எழுத்துருவை வரிசையில் சேர்க்க வேண்டியிருந்தது. கேன்வாஸுக்கு வெளியே உள்ள வாக்கியத்தில் அந்தச் சொற்களுக்கு மலையாளம் என்று தனியே மொழிக்குறி இடாதபோது, மாமாவின் கைப்பேசியிலுள்ள தமிழ்க் குரல் அவற்றை மூச்சுக்காட்டாமல் தாண்டிப் போனது. ஏரியா-லேபிளுக்குள் மொழியை மாற்ற வழியில்லை. ஆகவே அதில் தமிழ் மட்டுமே இருக்கிறது.

வாட்ஸ்அப்புக்காகத்தான் கேன்வாஸை வைத்துக்கொண்டேன் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் இந்த வேலை முழுமை அடையாமல் நிற்கிறது. ‘பகிர்’ பொத்தானை அழுத்தினால் படக்கோப்போடு அந்த மூன்று வாக்கியங்களும் சேர்ந்து போகும்படி செய்திருக்கிறேன். வாக்கியத்தை மட்டும் நகலெடுக்கத் தனிப் பொத்தானும் இருக்கிறது. ஆனால் அனுப்பியவரிடமிருந்து அடுத்தவருக்கும், அவரிடமிருந்து ஊர்க் குழுவுக்கும் போகும்போது யாரோ ஒருவர் வாக்கியத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பிவிடுகிறார். அதற்கு என் நிரலில் மருந்தில்லை. அப்படி வரும் படங்களுக்கெல்லாம் மாமா, “எத்தனை அடினு வாயைத் திறந்து சொல்லுங்கப்பா” என்று குழுவில் குரல் செய்தி போட்டுக்கொண்டிருக்கிறார்.